வண்டி ஓவர்ஹீட் ஆகிறதா? முதலில் ‘எப்போது’ என்று பாருங்கள்

எஞ்சின் சூடாவது கோளாறு இல்லை, அந்தச் சூடு வெளியே போகாமல் உள்ளேயே தங்குவதுதான் கோளாறு. எரிகிற பெட்ரோல் அல்லது டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விடும், மிச்சத்தில் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவைப்பது எஞ்சினுக்குள் சுற்றும் கூலண்ட் என்கிற குளிர்விக்கும் திரவம். அந்தப் பாதையில் எங்கே தடை என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அதைச் செய்யாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்தால் பணமும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும். வண்டி வைத்திருப்பவர்கள் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டெம்பரேச்சர் மீட்டரின் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. உடனே என்ன செய்வது?

ஏசியை அணைத்துவிட்டு வண்டியை ஓரங்கட்ட இடம் தேடுங்கள். இடம் கிடைக்கும் வரை, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதன் காற்றையும் முழு வேகத்தில் விட்டு, ஜன்னல்களை இறக்கிவிடுங்கள். ஹீட்டர் என்பது உள்ளே இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது உங்கள் மேல் கொட்டும், வியர்த்து ஊற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். முள் மேலே நிற்கும்போது ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் அது முக்கியமான தகவல்: கூலண்ட் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஒன்று கூலண்ட் குறைந்துபோயிருக்கிறது, அல்லது அதைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் தள்ளவில்லை. அப்போது இருக்கிற இடத்திலேயே பாதுகாப்பாக ஒதுங்கி நிறுத்திவிடுங்கள்.

நின்றதும் எஞ்சினை அணையுங்கள். பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தால் அது அடங்கும் வரை திறக்க வேண்டாம். ஆவி இல்லையென்றால் திறந்து வைக்கலாம், சூடு சீக்கிரம் இறங்கும். எலெக்ட்ரிக் ஃபேன் எஞ்சின் அணைந்த பிறகும் தானாகவே சுற்றத் தொடங்கலாம் என்பதால் கையையும், தொங்குகிற துணியையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

இன்னும் 5 கிலோமீட்டர்தான் இருக்கிறது, மெதுவாக ஓட்டிப் போய்விடலாமா?

வேண்டாம். நல்ல எஞ்சின்கள் பல அந்தக் கடைசி 5 கிலோமீட்டரில்தான் போகின்றன. பெரும்பாலான கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆனால் ஹெட்டை போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் விரிய இடமில்லாமல் அது கோணிப்போகும். கோணல் என்றால் கண்ணுக்குத் தெரிகிற கோணல்கூட இல்லை, 0.1 மில்லிமீட்டர் இருந்தாலே பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றி ஃபேசிங் செய்யவோ (மட்டமாகச் சீவவோ) மாற்றவோ வேண்டிவரும். அதோடு, ஹெட்டுக்கும் அதன் அடியிலுள்ள எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போய்விடலாம். அதையும் தாண்டி ஓட்டினால் ஆயில் நீர்த்துப்போய் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும், அதைத்தான் சீஸ் ஆகிவிட்டது என்கிறார்கள்.

இன்னொன்று. மேலே ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சூடு தணிந்துவிட்டது என்று நம்பி ஓட்டாதீர்கள். சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும், கூலண்ட் வற்றி அதைச் சுற்றி ஆவி மட்டும் இருந்தால் அது குறைத்துக் காட்டும். அந்த நேரத்தில் எஞ்சின் மிக மோசமான நிலையில் இருக்கிறது.

ரேடியேட்டர் மூடியை எப்போது திறக்கலாம்?

சூடாக இருக்கும்போது எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. இந்த ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும், ஏனென்றால் மற்றதெல்லாம் இரும்பு, இது உங்கள் முகம்.

பிரஷர் குக்கரில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. அந்த மூடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, பொதுவாக 1 பார் அளவுக்கு அழுத்தத்தை அது உள்ளே பிடித்துவைக்கும். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். நீங்கள் மூடியைத் திருகிய அந்த நொடியில் அழுத்தம் போய்விடுகிறது, உள்ளே 110 டிகிரியில் இருந்தது மொத்தமும் ஒரே சமயத்தில் கொதித்து வெளியே பீய்ச்சியடிக்கும்.

குறைந்தது அரைமணி நேரம் விடுங்கள், ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. கடிகாரத்தைவிட ரேடியேட்டரின் மேல் ஹோஸை நம்புங்கள்: தொட்டால் கை பொறுக்க வேண்டும், அமுக்கினால் உள்ளே போக வேண்டும். அப்புறம் கனமான துணியை மடித்து மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் படி வரை மட்டும் திருகி, காற்று முழுதும் போன பிறகு கழற்றுங்கள்.

அந்த மூடியே கோளாறாகவும் இருக்கலாம். ரப்பர் வாஷர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் சீக்கிரமே கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வழிந்துபோகும். எல்லாவற்றிலும் விலை குறைந்த பாகம் இது, சந்தேகம் வந்தால் முதலில் மாற்றிவிடுங்கள். அதன்மேல் எழுதியிருக்கும் அழுத்த எண் மட்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

கூலண்ட் கையில் இல்லை. வெறும் தண்ணீர் ஊற்றலாமா?

அவசரத்துக்கு ஊற்றலாம், ஆனால் எஞ்சின் ஆறிய பிறகு. கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம். வேறு வழியே இல்லாமல் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஊற்ற நேர்ந்தால், எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், உள்ளே சுற்றுகிற சூடான தண்ணீரோடு அது கலந்துகொள்ளும். எஞ்சின் மேல் வெளியிலிருந்தும் தண்ணீர் அடிக்கக் கூடாது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தண்ணீரை அப்படியே விட்டுவிடாதீர்கள், அதில் துரு தடுக்கும் மருந்து எதுவும் கிடையாது.

சரி, கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எப்போது சூடாகிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

டிராஃபிக்கில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால், அனேகமாக ஃபேன்தான். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், நிற்கும்போதுதான் ஃபேன் தேவை. ஏசி போட்டால் மட்டும் ஏறுகிறது என்றாலும் முதல் சந்தேகம் இதே இடம்தான், ஏனென்றால் ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தன் சூட்டையும் சேர்த்துத் தள்ளுகிறது.

இதற்கு நேர்மாறாக, நகரத்துக்குள் சும்மா இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் ஏறுகிறதா? அப்போது ஃபேனை விட்டுவிடுங்கள். ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம்: ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்புக்குள் கூலண்டைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்தோ உடைந்தோ இருக்கலாம் (பிளாஸ்டிக் இம்பெல்லர் என்றால் தண்டிலிருந்து நழுவிச் சும்மா சுற்றவும் கூடும்), அல்லது பழைய கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சலில் சப்பிப்போகலாம். கடைசியாகச் சொன்னது பலர் கவனிக்காதது. வண்டி நிற்கும்போது ஹோஸ் ஒழுங்காக இருக்கும், ஆக்சிலரேட்டரை ஏற்றினால் மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஒருவர் மிதிக்க இன்னொருவர் பார்த்தால்தான் தெரியும்.

காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் விறுவிறுவென்று ஏறினால், சூடேறியதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் எஞ்சின் கொதிக்கும்போதும் ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் சில்லென்றுதான் இருக்கும். ஏர் லாக்கும் (உள்ளே அடைபட்ட காற்று) இப்படிக் காட்டும், ஹெட் கேஸ்கெட் போனாலும் இப்படிக் காட்டும்.

மேட்டில் ஏறும்போதும் ஆட்கள் நிறைய இருக்கும்போதும் மட்டும் ஏறினால் குளிர்விக்கும் சக்தி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பெரும்பாலும் பாதி அடைத்த ரேடியேட்டர். எப்போதாவது இதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கும்: விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், புகைக் குழாயில் அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், தவறிய இக்னிஷன் டைமிங். இவை எஞ்சினை வேண்டாத பாரம் இழுக்கவோ வேண்டாத சூட்டை உண்டாக்கவோ வைக்கும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். என் வண்டி ஒன்றில் சிக்னலில் நின்றால் மட்டும் முள் ஏறும். ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், சரியாகவில்லை, ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், சரியாகவில்லை, பிறகு வாட்டர் பம்பையும் மாற்றினார்கள். கடைசியில் போயிருந்தது ஃபேனுக்குக் கரண்டை விடும் சுவிட்சான ஃபேன் ரிலே, விரல் நுனி அளவுள்ள ஒரு பெட்டி. எப்போது சூடாகிறது என்று அத்தனை நாளில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறந்து சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: மெக்கானிக்கிடம் போகும்போது எந்த நேரத்தில், எந்த வேகத்தில், ஏசியோடா இல்லாமலா என்று எழுதிக்கொண்டு போங்கள்.

ஃபேன் சுற்றவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

எஞ்சினைக் கிளப்பி ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏசி ஓடினால் ஃபேனும் ஓட வேண்டும். ஏசி போட்டால் ஓடி, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லையென்றால் மோட்டார் நல்லது, சென்சார் பக்கம் பாருங்கள். பல வண்டிகளில் சென்சார் ப்ளக்கைக் கழற்றிவிட்டால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும், அதுவும் ஒரு நல்ல சோதனை.

இரண்டுக்கும் ஓடவில்லையென்றால் முதலில் ஃப்யூஸ், அடுத்து ரிலே. ஃப்யூஸ் பெட்டியில் அதே எண் கொண்ட வேறொரு ரிலே இருந்தால், ஹார்ன் ரிலே மாதிரி, இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை. அதற்கும் அசையவில்லையென்றால் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். ஓடினால் வயரிங், ஓடாவிட்டால் மோட்டார். ஓடுகிறது ஆனால் சோம்பலாக ஓடுகிறது என்றால் அதுவும் கோளாறுதான், கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் அப்படித்தான் இழுக்கும்.

சில பெரிய வண்டிகளில் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றும், நடுவில் சிலிக்கோன் திரவம் நிரப்பிய ஒரு விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் அணைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாக நகர வேண்டும். காற்றாடி மாதிரி பல சுற்று சுற்றினால் கிளட்ச் போய்விட்டது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள் என்கிறார்களே?

வெப்பமான இடங்களில் அது தேவையில்லை என்ற பேச்சு பல காலமாக இருக்கிறது. தவறான பேச்சு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், அதுவரை எரிபொருளை அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதில் கழற்றிவிட்டால் சூடான கூலண்ட் ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், ஓவர்ஹீட் இன்னும் மோசமாகும்.

சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் 82 அல்லது 88 போல ஒரு எண் பொறித்திருக்கும், அந்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லையா, புதியது போடுங்கள், கூடவே அதன் ரப்பர் சீலையும்.

கூலண்ட் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. எங்கே போகிறது?

மூடிய அமைப்பில் கூலண்ட் தானாகக் குறையாது. வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஊற்றினால் விட்டுவிடலாம், மாதாமாதம் ஊற்றினால் எங்கோ போகிறது. சூடான எஞ்சின் மேல் விழும் சொட்டு தரைக்கு வருவதற்குள் காய்ந்துவிடும், அதனால் ஈரத்தைத் தேடாமல் கறையைத் தேடுங்கள்: ஹோஸ் கிளிப்புகளைச் சுற்றி, ரேடியேட்டரில் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் விளிம்பில், வெள்ளையாகவோ பச்சையாகவோ ரோஸாகவோ பொடி படிந்திருக்கும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும், சீல் போனால் தெரியட்டும் என்பதற்காகவே வைத்தது. அங்கே கோடு வழிந்திருந்தால் பம்பின் நாட்கள் எண்ணப்படுகின்றன. பம்ப் புல்லியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து ஆட்டம் இருந்தாலும் அதே முடிவுதான்.

வண்டிக்குள் இனிப்பு வாசம், ஈரமான தரைவிரிப்பு, துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் பசையாக மூடும் முன் கண்ணாடி இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டரில் இருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டர், ஒழுகுகிறது. எதுவும் தெரியவில்லையென்றால் பிரஷர் டெஸ்டர் வைத்திருப்பவரிடம் போங்கள். ஆறிய எஞ்சினில், மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கொஞ்ச நேரம் விடுவார்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு, வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் இறங்கினால் கூலண்ட் எஞ்சினுக்குள் போகிறது.

ஒழுகியதைத் துடைக்காமல் விடாதீர்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடும். குழந்தைகளுக்கும் அதே விஷம்தான்.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். எப்படி உறுதி செய்வது?

இது பெரிய செலவு, அதனால் ஆதாரம் கேட்பது உங்கள் உரிமை. எஞ்சின் சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, அதில் இனிப்பு வாசம் இருக்கிறதா? இரவெல்லாம் ஆறிய எஞ்சினைக் கிளப்பிய ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? ஆறிய நிலையில் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பினால் குமிழி நிற்காமல் வருகிறதா? காலையில் கிளப்பியதும் ஒரு சிலிண்டர் சில நொடி தடுமாறுகிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் சந்தேகம் வலுவானது.

ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி படிந்திருப்பதை மட்டும் காட்டி முடிவு சொன்னால் ஏற்காதீர்கள். தினமும் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே மோராக இருந்தால் அது வேறு விஷயம், அப்புறம் எஞ்சினைக் கிளப்பவே வேண்டாம்.

தெளிவான சோதனை ஒன்று உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அங்கிருக்கும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு அதில் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாக மாறும். சில நிமிட வேலை. ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். கழற்றியபின் ஹெட் மட்டமாக இருக்கிறதா என்று அளக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால் சில மாதத்தில் திரும்ப வந்து நிற்க வேண்டியிருக்கும்.

ரேடியேட்டர் அடைத்திருப்பது எப்படித் தெரியும்?

வெளி அடைப்பு கண்ணுக்கே தெரியும்: பூச்சி, மண், இலைச் சருகு. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில்தான் அதிகம் சேரும், முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். ஹை பிரஷர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, அடைப்பு இன்னும் மோசமாகும்.

உள் அடைப்புக்கு, எஞ்சின் சூடாக ஓடும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகத்தை வரிசையாக அளந்து பாருங்கள். உள்ளே வரும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டமில்லை.

ஒழுகலை அடைக்கும் ஸ்டாப் லீக் பொடி?

ஒழுகும் துளையை அடைக்கிற அதே பொருள் ஹீட்டர் கோரின் சிறு குழாய்களையும் அடைக்கும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் தவிர வேண்டாம்.

எந்த கூலண்ட் ஊற்றுவது? பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று பார்த்தால் போதுமா?

போதாது. நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும் தர எண்ணைப் பாருங்கள். பழைய வகைக்கு 2 வருடம், புதிய ஆர்கானிக் அமில வகைக்குப் பொதுவாக 5 வருடம் ஆயுள். பொருந்தாத வகைகளைக் கலந்தால் துரு தடுக்கும் மருந்து சீக்கிரம் தீரும், சில கலவைகள் கூழாகவே திரிந்து ரேடியேட்டரை அடைக்கும்.

செறிவான கூலண்டை அப்படியே ஊற்றினால் நன்றாகக் குளிரும் என்று சிலர் நினைக்கிறார்கள். தண்ணீர்தான் சூட்டை அதிகம் சுமக்கும், கிளைக்கால் அதைவிடக் குறைவாகவே சுமக்கும். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் ஏறும், மைனஸ் 37 டிகிரி வரை உறையவும் செய்யாது, துருவும் பிடிக்காது. கலக்குவது டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும், உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாகப் படியும்.

கூலண்ட் மாற்றிய பிறகுதான் சூடாகவே ஆரம்பித்தது. ஏன்?

காற்று அடைபட்டிருக்கிறது. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்துக் கிளப்புங்கள். ப்ளீட் ஸ்க்ரூ (காற்றை வெளியே விடும் திருகு) இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று கூலண்ட் மட்டும் வரும் வரை விடுங்கள். மேல் ஹோஸை விட்டு விட்டு அமுக்கிக்கொடுத்தால் குமிழிகள் சீக்கிரம் மேலே வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலையில் ஆறிய பிறகு ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றுங்கள்.

முள் மேலே இருக்கிறது, ஆனால் எஞ்சினில் சூடு தெரியவில்லை. மீட்டரே பொய் சொல்லுமா?

சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் அளவுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி கூலண்ட் வெப்பத்தைப் பாருங்கள், 85 முதல் 105 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்கு இயல்பு. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் கூட்டையும் அளந்து ஒப்பிடுங்கள். மறுபக்கமும் உண்டு: இப்போதைய வண்டிகள் பலவற்றில் அந்த அளவுக்குள் எவ்வளவு ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி வண்டியில் முள் நடுவைவிட்டு ஒரு கோடு நகர்ந்தாலே நிறுத்திப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நன்றாகச் சூடாகி நின்ற வண்டியைச் சரிசெய்தாகிவிட்டது. இனி எதைக் கவனிக்க வேண்டும்?

எஞ்சின் ஆயிலை மாற்றிவிடுங்கள், அவ்வளவு சூடு பட்ட ஆயில் பழைய ஆயில் இல்லை. சிலிண்டர்களுக்குள் ஏறும் அழுத்தத்தையும் (கம்ப்ரஷன்) ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. அடுத்த சில வாரத்துக்கு, தினமும் காலையில் கிளப்புவதற்கு முன் ரிசர்வ் டேங்கின் மட்டத்தைப் பாருங்கள், பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் சுலபம். முதல் ஓரிரு நாளில் மிச்சக் காற்று வெளியேறிக் கொஞ்சம் குறையலாம். அதற்குப் பிறகும் கோட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் அந்த நீலத் திரவச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்.